பழைய கத்திக்கு விலை போடுவது எப்படி?

பழைய நகையை விற்கப் போனால் கடைக்காரர் முதலில் அதைத் தராசில் வைப்பார். வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று நாம் அழுததெல்லாம் போனது போனதுதான்; கைக்கு வருவது தங்கத்தின் எடைக்கு உள்ள காசு. கைவினைக் கத்தியில் இந்தக் கணக்கு தலைகீழ். அதிலுள்ள எஃகைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் ஒரு டீக்குத் தேறினால் பெரிது. விலை முழுக்க செய்கூலிதான். செய்தது யாருடைய கை, எந்த வருஷம் செய்தது, அந்தக் கை விட்ட நிலையிலேயே பொருள் இன்னும் இருக்கிறதா என்பதற்குத்தான் வாங்குகிறவர் பணம் கொடுக்கிறார்.

இதை எழுத வைத்தவன் என் மனைவியின் தம்பி. டெக்சாஸில் இருக்கிறான். ஒரு பெரியவர் இறந்தபின் அவர் வீட்டுச் சாமான்களைப் பிள்ளைகள் வாசலில் பரப்பி விற்றபோது ஒரு பெட்டி நிறைய கருவிகள் வாங்கியிருக்கிறான். அடியில் தோல் உறையோடு ஒரு வேட்டைக் கத்தி. அலகில் ஒரு மனிதர் பெயர், ஓர் ஊர்ப் பெயர். படம் அனுப்பி, "அத்தான், இது எவ்வளவு போகும்?" என்று கேட்டான். இரண்டாவது படத்தில் அலகின் ஒரு பக்கம் பளபளவென்று மின்னியது. பாலீஷ் போட ஆரம்பித்துவிட்டானாம். பதறிப்போய் போன் போட்டேன். ஏன் பதறினேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

தொழிற்சாலைக் கத்திக்கு விலை கண்டுபிடிப்பது எளிது. பக் நிறுவனத்தின் 110 என்ற மடக்குக் கத்தி லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. அதே மாதிரி ஒன்று இன்றைக்கும் எங்காவது விற்றுக்கொண்டிருக்கும். அந்த விலையைப் பார்த்தால் போதும். ஒரே ஆள் தன் பட்டறையில் உட்கார்ந்து இழைத்துச் செய்த கத்திக்கு இரட்டைப் பிறவி கிடையாது. இதை ஆங்கிலத்தில் 'கஸ்டம்' (custom) கத்தி என்பார்கள். கண்டிப்பான பொருளில் 'கஸ்டம்' என்றால் வாடிக்கையாளர் அளவும் பிடியும் சொல்லிச் செய்யச் சொன்னது. புழக்கத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் கையால் செய்த எதையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இப்படிப்பட்ட பொருளுக்கு ஒற்றை எண்ணாக விலை சொல்கிறவரை நம்ப வேண்டாம். இங்கிருந்து அதுவரை என்று ஒரு வரம்புதான் சொல்ல முடியும்.

பெயர்

முதல் கேள்வி, செய்தவர் யார். இந்தத் துறையில் பெயருக்கு எப்படி விலை ஏறுகிறது என்பதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. மிச்சிகனில் வில்லியம் ஸ்கேகல் என்று ஒரு கொல்லர் இருந்தார், 1963இல் இறந்தார். 1930களில் புளோரிடாக்காரர் ஒருவர் மிச்சிகனில் விடுமுறையில் இருந்தபோது, யாரோ ஒருவர் ஸ்கேகல் செய்த கத்தியால் படகின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். சுரண்டியும் அலகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கத்தியை அவர் அங்கேயே வாங்கிக்கொண்டார். அவர் பெயர் போ ரேண்டல். ஊருக்குத் திரும்பித் தானே கத்தி செய்யத் தொடங்கினார். ஆர்லாண்டோவில் அவர் குடும்பத்தின் பட்டறை இன்றும் நடக்கிறது. இன்று சேகரிப்பாளர்கள் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிற கத்தி அன்று பெயிண்ட் சுரண்டிக்கொண்டிருந்தது!

கதை அங்கே நிற்கவில்லை. 1950களின் நடுவில், கப்பலில் வேலை பார்த்த பாப் லவ்லெஸ் என்ற இளைஞர் நியூயார்க்கின் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்கு ரேண்டல் கத்தி வாங்கப் போனார். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பழைய கார் ஒன்றின் பட்டை ஸ்பிரிங்கை எடுத்துத் தானே ஒன்று செய்துகொண்டார். பிறகு அதே கடை அவர் கத்திகளை வாங்கி விற்றது. முனை சற்றே கீழிறங்கிய வேட்டைக் கத்தி வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர். 2010இல் இறந்தார். அவர் செய்த எளிய வேட்டைக் கத்தியே ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. 'பிக் பேர்' என்ற பெரிய சண்டைக் கத்தி அதைவிடப் பல மடங்கு.

அதே காலத்தில், அதே எஃகில், அதே வடிவத்தில், சில சமயம் அவரைவிடச் சுத்தமாகக்கூட, வேறு பலர் கத்தி செய்தார்கள். அவற்றில் பல சில நூறு டாலரைத் தாண்டுவதில்லை. இது நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் யாரைப் பார்த்துச் செய்தார்களோ, அவருக்குத்தான் பெயரின் விலை.

பெயர் கேள்விப்படாததாக இருந்தால், அவர் ஏதாவது அமைப்பில் இருந்தாரா என்று பாருங்கள். 1970இல் தொடங்கிய நைஃப்மேக்கர்ஸ் கில்டில் உறுப்பினராவதற்கே சக கைவினைஞர்கள் வேலையைப் பார்த்து ஒப்ப வேண்டும். அடித்துச் செய்யும் கொல்லர்களுக்கு, 1976இல் பில் மொரான் முன்னின்று தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி உண்டு. அதில் பரீட்சையே வைக்கிறார்கள்: தொங்குகிற ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச்சட்டத்தை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் கத்தியின் அதே வாயால், அதாவது வெட்டும் விளிம்பால், கைமுடியை மழிக்க வேண்டும், கடைசியில் அலகை 90 டிகிரி வளைக்க வேண்டும், உடையக்கூடாது. தேறியவர் அலகில் 'ஜே.எஸ்.' (ஜர்னிமேன் ஸ்மித்) என்று பொறிக்கலாம், அடுத்த படி ஏறினால் 'எம்.எஸ்.' (மாஸ்டர் ஸ்மித்). பழைய கத்தியில் 'ஜே.எஸ்.' இருந்து, அதே ஆள் பிற்பாடு 'எம்.எஸ்.' ஆகியிருந்தால், இது அவருடைய ஆரம்பகால வேலை என்று தெரிந்துவிடும்.

முத்திரையை இப்படித்தான் வாசிக்க வேண்டும். பெயரோடு காலமும் அதில் இருக்கிறது. லவ்லெஸ் ஊர் மாற மாற முத்திரையும் மாறியது. ஆரம்பத்தில் 'டெலவேர் மெய்ட்', பிறகு கலிபோர்னியாவின் லான்டேல், மொடெஸ்டோ போன்ற ஊர்கள், கடைசியாக ரிவர்சைடு. 1970களின் தொடக்கத்தில் ஸ்டீவ் ஜான்சன் அவரோடு சேர்ந்து வேலை செய்த காலத்துக் கத்திகளில் இருவர் பெயரும் இருக்கும். ஊர்ப் பெயர் ஒன்று மாறினால் விலை மாறும். எனவே முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், எழுத்தின் விளிம்பு தெரியும்படி, நெருங்கிப் படம் எடுங்கள். பெரிய பெயர் என்றால் போலியும் உண்டு. லவ்லெஸ் பெயரில் ஏராளம். அத்தகைய பெயர் உங்கள் கத்தியில் இருந்தால், அந்த ஒருவரின் வேலையை மட்டும் பல ஆண்டு பார்த்துப் பழகிய ஆளிடம் காட்டாமல் விலை பேசவே கூடாது.

செய்தவர் இறந்துவிட்டால் விலை ஏறும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏற்கெனவே ஆட்கள் தேடிக்கொண்டிருந்தால்தான் ஏறும். அவருடைய நண்பர்களும் உள்ளூர்க்காரர்களும் மட்டுமே வாங்கிவந்த கைவினைஞர் என்றால், அவர் போனபின் பேசுவதற்கு ஆள் இல்லாமல் விலை இறங்குவதே வழக்கம்.

நிலை

இப்போது பாலீஷ் விவகாரம். நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைப்பது பெருமை. பழைய நாணயம் சேர்க்கிறவரிடம் புளி போட்டுத் தேய்த்த நாணயத்தை நீட்டிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார். கத்தியும் அந்தச் சாதி.

கைவினைஞர் அலகை முடிக்கும்போது சில கோடுகளைக் கூர்மையாக விடுவார்: தட்டையான பகுதி முடிந்து சரிவு தொடங்கும் கோடு, அலகு பிடியோடு சேரும் முன் சரிவு நின்றுபோகும் கோடு. அவருடைய கைத்திறனைச் சேகரிப்பாளர் இந்தக் கோடுகளில்தான் பார்க்கிறார். மெஷின் சக்கரத்தில் அரை நிமிஷம் காட்டினால் கோடுகள் மழுங்கிச் சோப்புக்கட்டி போல உருண்டுவிடும். அமிலத்தால் மெல்லிசாகப் பொறித்த முத்திரை என்றால் எழுத்தே கரையும். பிறகு எதைக் கொண்டும் அதை மீட்க முடியாது. லேசான கறை, மங்கல், மெல்லிய சாம்பல் நிறம் ஆகியவை விலையை அவ்வளவாகக் குறைப்பதில்லை; தேய்த்தது குறைக்கும். மேலோட்டமான துருவும் குழி விழுந்த துருவும் வேறு வேறு. நகத்தால் தடவும்போது தட்டுப்பட்டால் குழி. அது பெரிய குறை, ஆனால் அதைத் தேய்த்து எடுப்பது அதைவிடப் பெரிய குறை.

அடுத்தது சாணை. பயன்படுத்திய கத்தியைச் சாணை பிடித்திருப்பார்கள், அதில் தப்பில்லை. எவ்வளவு பிடித்தார்கள் என்பதே கேள்வி. ஒவ்வொரு சாணைக்கும் அலகின் அகலம் கொஞ்சம் போகிறது. வருஷக்கணக்கில் பிடித்தால் முனையின் வடிவமே மாறி, பாதி தேய்ந்த அரிவாள்மணை மாதிரி ஆகிவிடும். அதே கைவினைஞர் அதே வடிவத்தில் செய்த வேறு கத்தியின் படத்தோடு அகலத்தை ஒப்பிட்டால் தெரியும். செய்தவர் வைத்த வாய் அப்படியே இருந்து, ஒரு தாள்கூட அறுக்காத கத்திக்கும் நன்றாகப் பயன்படுத்திய கத்திக்கும் விலை பாதிக்குப் பாதிகூட வித்தியாசப்படலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. செய்தவர் உயிரோடு இருந்தால் அவரிடமே அனுப்பிச் சீர் செய்துகொள்ளலாம். அந்தக் கையே மறுபடியும் தொடுவதால் சந்தை அதை ஏற்றுக்கொள்ளும். அப்போதும் விற்கும்போது சொல்லிவிட வேண்டும்.

கத்தியை உறைக்குள்ளேயே போட்டு வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் மிச்சம் இருக்கும். இருபது வருஷம் உறைக்குள் கிடந்த கத்தியில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள பித்தளைக் காப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், அலகில் புள்ளி புள்ளியாகக் குழி. கத்தியை வெளியே எடுத்துத் தனியாகவும், உறையைத் தனியாகவும் வையுங்கள்.

ஆனால் உறையைத் தொலைத்துவிடாதீர்கள். ரேண்டல் கத்திகளில் உறையே பாதி ஜாதகம். ஆரம்ப காலத்தில் ஹைசர் என்ற தோல் நிறுவனம் உறை தைத்துக் கொடுத்தது, 1960களில் அந்த வேலை ஜான்சன் என்பவரிடம் போனது. உறையின் பின்புற முத்திரை, தோலின் பின்பக்கம் சொரசொரப்பா வழவழப்பா என்பதை வைத்தே கத்தியின் வயதைச் சில வருஷ வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறார்கள். கத்தியின் காலமும் உறையின் காலமும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ பின்னால் ஜோடி சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உறையைப் போலவே மதிப்புள்ளது காகிதம். செய்தவர் எழுதிய கடிதம், ரசீது, ஆர்டர் சீட்டு, அந்தக் கால விலைப்பட்டியல் எதுவானாலும். "இது வியட்நாம் போரில் எங்கள் தாத்தா இடுப்பில் கட்டியிருந்தது" என்று பேரன் சொன்னால் மட்டும் விலை ஏறாது. தாத்தா அந்தக் கத்தியோடு நிற்கும் போட்டோவும், அவர் பெயருக்கு வந்த ரசீதும் இருந்தால் ஏறும். அப்போது கத்தியில் உள்ள கீறலைக்கூட மன்னித்துவிடுவார்கள்.

பிடி

பிடியில் சட்டம் குறுக்கே வரும். தந்தப் பிடி போட்ட கத்தி ஒரு காலத்தில் எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது. 1990 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகம் தடைப்பட்டது. 2016 ஜூலை 6 முதல் அமெரிக்க மத்திய அரசின் விதி உள்நாட்டிலும் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. சில விலக்குகள் இருக்கின்றன, ஆனால் நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்கள் இன்னும் கடுமை. அழிந்துபோன மாமத் யானையின் தந்தம்கூட அங்கே ஆகாது. பல ஏல நிறுவனங்கள் தந்தம் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகின்றன. 1985இல் கூடுதல் காசு கொடுத்துத் தந்தம் போட்டுக்கொண்டவர் வீட்டுக் கத்தி, இன்று மைக்கார்டா பிடி போட்ட கத்தியைவிடக் குறைவாகப் போகக்கூடும். மைக்கார்டா என்பது துணியையோ காகிதத்தையோ பிசினில் தோய்த்து அழுத்திய பலகை. அதிலும் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த பழைய தந்த நிற மைக்கார்டாவுக்குத் தனி மவுசு.

மான்கொம்புப் பிடி வேறு கதை, அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அமெரிக்கரும் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் 'ஸ்டாக்' என்று கொண்டாடிய கொம்பு பெரும்பாலும் இந்தியாவின் கடமானுடையது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மிளா என்போம். உள்ளே கூடு இல்லாமல் கெட்டியாக இருப்பதால் பிடிக்கு ஏற்றது. 1990களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியபின், அதற்கு முன் போன நல்ல கொம்புக்கு அங்கே கிராக்கி. இங்கே அந்தக் கொம்பைச் சும்மா வீட்டில் வைத்திருந்தாலே வனத்துறை வழக்கு வரும் என்பதை, ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கத்தி வாங்க நினைக்கிறவர்கள் மறக்க வேண்டாம்.

எஃகைப் பற்றி புதியவர்கள் நிறையக் கேட்பார்கள். பழைய கத்தியில் அது 440சி-யா, 154சிஎம்-மா என்பது விலையை அதிகம் அசைக்காது. உலோகப் பொடியை அழுத்திச் செய்யும் இன்றைய பொடி எஃகு எல்லாவற்றையும் வெட்டிச் சாய்க்கும்தான். அதற்காக யாரும் லவ்லெஸ் கத்தியைக் குறைத்துக் கேட்பதில்லை.

எண்

இனி எண்ணுக்கு வருவோம். இணையத்தில் அதே பெயர் போட்ட கத்திக்கு 2,000 டாலர் என்று எழுதியிருக்கும். அது ஆசை. மூன்று வருஷமாக அதே விலையில் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு வேண்டியது கைமாறிய விலை. ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலப் பட்டியல், இணைய ஏலத் தளங்களில் 'விற்றுமுடிந்தவை' என்ற வடிகட்டி, இவற்றில் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் நடந்ததாக இருக்கட்டும். இந்தச் சந்தையிலும் மோஸ்தர் உண்டு. 2010களின் முதல் பாதியில் சிலரது மடக்குக் கத்திகளை வாங்க அட்லாண்டாவின் பிளேட் ஷோ என்ற கத்திக் கண்காட்சியில் குலுக்கல் போட்டார்கள். பெயர் விழுந்தவர் வாங்கி, அடுத்த வரிசைக்கு நடந்து போவதற்குள் இன்னொருவருக்குக் கூடுதல் விலைக்கு விற்றார். அந்த விலைகளை இன்று ஆதாரமாகக் காட்டினால் சிரிப்பார்கள்.

மைத்துனன் கத்தியைச் செய்தவர் பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. எண்களையும் கற்பனையாக உருட்டி ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன்.

1978இல் கில்டு உறுப்பினர் ஒருவர் 150 டாலருக்கு விற்ற வேட்டைக் கத்தி. அவர் இப்போது இல்லை. அவருடைய அதே வடிவக் கத்திகள் நான்கு சமீபத்தில் கைமாறியிருக்கின்றன: 1,100, 900, 780, 450 டாலர். சராசரி போடாதீர்கள், ஒவ்வொன்றும் ஏன் அந்த விலைக்குப் போனது என்று பாருங்கள். 1,100க்குப் போனது சாணையே காணாதது, கடிதத்தோடு வந்தது. 450க்குப் போனதற்கு உறை இல்லை, குழித் துரு இருந்தது. நம்முடையதற்கு உறை உண்டு, காகிதம் இல்லை, லேசாகச் சாணை பிடித்தது. நடுவில் உள்ள இரண்டின் பக்கம்தான் இது. 750 முதல் 850 என்று வைக்கலாம்.

இந்த 800 டாலர் கத்தி உங்கள் கைக்கு எவ்வளவாக வரும்? டீலரிடம் நேராக விற்றால், அவர் அதை மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டும்; 450, 500 தருவார். அவர் கடையில் வைத்து விற்றுக் கொடுக்கச் சொன்னால், 20 சதவீதம் கமிஷன் போக 640, எப்போது விற்கும் என்று தெரியாது. ஏலத்தில் வாங்குகிறவரும் கட்டணம் கட்டுகிறார் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அவர் மனசில் 800 என்றால், ஏலத்தொகைமேல் 20 சதவீதக் கட்டணம் ஏறும் என்பதால் 667 வரைதான் கை தூக்குவார். அதில் உங்கள் பங்குக்கு 15 சதவீதம் போனால் மிச்சம் சுமார் 567. சேகரிப்பாளரைத் தேடிப் பிடித்து நேராக விற்றால் 750 கிடைக்கலாம். அதற்குப் பெயரும் பொறுமையும் வேண்டும். காப்பீட்டுக்காக ஒருவர் 1,200 என்று சான்றிதழ் எழுதித் தந்திருக்கலாம். அது தொலைந்தால் மறுபடி வாங்க ஆகும் செலவு, விற்றால் வரும் பணத்தோடு அதைக் குழப்பக்கூடாது.

இன்னொன்று. 1978இன் 150 டாலர் இன்றைய மதிப்பில் 700ஐத் தாண்டும். ஆக, ஐந்து மடங்கு ஏறிவிட்டது என்று தோன்றுகிற இந்தக் கத்தி, விலைவாசியோடு மூச்சிரைக்க ஓடி வந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலீடு என்று சொல்லி யாராவது உங்களிடம் கத்தி விற்க வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

மைத்துனனின் கத்தியில் வலது பக்கம் மட்டும்தான் பாலீஷ் ஏறியிருக்கிறது, முத்திரை இருக்கும் இடது பக்கம் தப்பித்தது. மற்றதையும் அதே மாதிரி ஆக்கிவிடவா, பார்க்க ஒரே சீராக இருக்குமே என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, ஒரு துளி எண்ணெய் தடவி உறைக்கு வெளியே வைக்கச் சொன்னேன். அந்தப் பெட்டியை விற்ற பிள்ளைகளைத் தேடிப் போய், அப்பா ஏதாவது கடிதம் வைத்திருந்தாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை போகிறானாம்.